கைக்குத் தெரிந்தது

எடின்பரோவில், அவிஞ்ஞோனில், சியோலில் தினமும் நடிகை ஜெசிந்தா நாற்காலியிலிருந்து விழுகிறாள். அவள் இல்லை, அவளுடைய உடலசைவைப் பதிவுசெய்து அப்படியே ஆடவைத்த இயந்திரப் பொம்மைகள். வசனமே இல்லாத நாடகம். விழும்போது பொம்மையின் இடக்கை சட்டென்று வயிற்றைப் பொத்தும். அரங்கம் அதிரக் கைதட்டுவார்கள்.

பதிவு நடந்த அன்று, தான் உண்டாகியிருப்பது ஜெசிந்தாவுக்கே தெரியாது, கைக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் மாதம் கரு கலைந்துவிட்டது.

புதுச்சேரி வீட்டில் உட்காரவும் முடியாமல், படுக்கவும் முடியாமல், திரும்பத் திரும்ப அந்த நாடகம் ஓடும் திரைமுன் வந்து நின்றாள்.

"பாக்காதன்னா கேக்க மாட்டியா?" என்று கணவன் ஸ்டீபன் திரையை அணைத்தான்.

"நீ அணைச்சா? மூணு ஊர்லயும் அவ அதைப் பத்திரமா புடிச்சிக்கிட்டுதான இருக்கா!"

மறுநாள் பதிவுக்கூடத்துக்கே போய் நின்றாள். "அந்தக் கையை எடுத்துடு, லோகு."

"அதைப் பாக்கத்தான் மேடம் ஜனமே வருது," என்று இழுத்த பதிவாளன் லோகு, அவள் முகத்தைப் பார்த்து இறங்கிவந்தான். "சரி, கை வராம ஒருவாட்டி விழுங்க. மாத்திடறேன்."

விழுந்தாள். எழுந்து மறுபடி விழுந்தாள். முழங்கை சிராய்த்தும் விடவில்லை.

"மேடம்... போதும்," என்றான் லோகு. "கை வயித்துக்குத்தான் போகுது."

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். கை இன்னும் அங்கேயேதான் இருந்தது.