முதல் கையெழுத்து

"என் பையன் தனியார் கம்பெனியே போதும்னான். 'இன்ஜினியரிங் முடிச்சவனுக்கு கவர்மென்ட் வேலைதான்டா'ன்னு அதட்டி, மூணு வருஷம் பரீட்சைக்குப் படிக்க மாடி ரூம்ல உட்கார வெச்சேன். இப்ப முனிசிபாலிட்டி இன்ஜினியர்!"

அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டிருந்தபோதே பதிவுத் தபால் வந்தது. பிரித்தார். கண்ணாடி இல்லாமலே மகனின் கையெழுத்து தெரிந்தது.

"ஆபீஸ்ல அவன் போட்ட முதல் கையெழுத்து! சத்தமா படிங்க, தெருவே கேட்கட்டும்."

பக்கத்து வீட்டுக்காரர் படித்தார்: "தங்கள் வீட்டு மாடியில் அனுமதியின்றிக் கட்டியுள்ள அறையை முப்பது நாட்களுக்குள் இடித்து அகற்றவும்."

அப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. "டேய், நீ படிக்கறதுக்குன்னு கட்டின ரூம்டா அது!"

ஆபீஸுக்குக் கிளம்பிய மகன் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"அதான் பாஸ் பண்ணிட்டேனேப்பா. இனிமே அது எதுக்கு?"