ஒய் போட்ட நைஸ்

"நைஸுன்னா என்ன அர்த்தம், சொல்லு பாக்கலாம்?"

இரண்டு வருடத்துக்கு முன் மாமா என்னைக் கேட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர். முன்னறையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத் தருபவர். மேலே டை, கீழே ரப்பர் செருப்பு.

நான் டீத் தட்டோடு நின்றிருந்தேன். பதினொரு பேர் திரும்பிப் பார்த்தார்கள். 

"மாவு... மாவு நைஸா இருக்கும்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பெயர் ஒம்பதாங்கிளாஸ். நான் படிப்பை விட்ட வகுப்பு அது.

இன்றும் அதே அறை, அதே பதினொரு நாற்காலி. என் கையில் டீத் தட்டு இல்லை, ஒரு காகிதம்.

தபால்வழிப் பத்தாம் வகுப்பில் சேர இன்று கடைசி நாள். என்னைப் பற்றியும் என் பொறுப்பாளரான மாமாவைப் பற்றியும் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி, அடியில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இதையும் விட்டால் எனக்கு அடுப்படிதான் என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

இதற்காகப் போன வாரம் ஒரு கடிதம் எழுதினேன். அதில் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் நான் செய்த பிழை. "இதை யாரு எழுதிக் குடுத்தா?" என்று மாமா நாலாகக் கிழித்துப் போட்டார்.

இது இரண்டாவது கடிதம். அடுத்தவர் பிழையைத் தொட்டுக்கொள்ளாமல் மாமாவுக்குச் சோறு இறங்காது என்பது எனக்கு இப்போது தெரியும்.

சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. தொலைந்த பல்செட்டு கிடைத்தவர் போல முகம் மலர்ந்தது.

"எல்லாரும் இங்க பாருங்க. என் மாமா ஒரு நைஸ் மேன்னு எழுதியிருக்கா. நைஸுக்கு ஸ்பெல்லிங் என்ன தெரியுமா? என், ஒய், சி, இ! ஒய்யாம் ஒய்!"

பதினொரு பேரும் சிரித்தார்கள். ஆறு மாதமாக 'குட் மார்னிங்'கைத் தாண்டாதவர்கள்.

அவர்களில் ஒரு தையல்கடைக்காரர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் சார், ஒரு ஐ போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றார்.

நான் மாமாவின் சிவப்புப் பேனாவையே பார்த்தேன்.

"எதுக்குங்க? அப்படியே போகட்டும். நம்ம ஒம்பதாங்கிளாஸ் லட்சணம் அவங்களுக்கும் தெரியட்டும்."

நீலப் பேனாவை எடுத்து, அந்த வரிக்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டார். பெரிய கையெழுத்து. அடியில் இரண்டு கோடு, ஒரு புள்ளி.

நான் அவருக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கண்மட்டத்துக்கு வருவதற்காக, அடியில் ஒரு தடித்த ஆங்கில அகராதி வைத்திருக்கிறார். அவருடைய அப்பா வாங்கியது. மாமா அதைத் திறந்ததே இல்லை. அவருக்கு அதன் உயரம் போதும்.

மதியம் அவர் குறட்டை விடும்போது நான் திரையை இறக்கி வைப்பேன். இரண்டு வருடத்தில் ஒன்பது நோட்டு நிரம்பிவிட்டது. முதல் நோட்டின் முதல் பக்கத்தில், அன்றைக்கு எல்லாரையும் என்னைப் பார்த்துச் சிரிக்கவைத்த அந்தச் சொல்தான் இருக்கிறது.

எழுநூறு வருடத்துக்கு முன் அதை ஒய் போட்டும் எழுதியிருக்கிறார்கள். அப்போது அதற்கு நல்லவன் என்று பொருள் இல்லை. ஒன்றும் அறியாத மூடன் என்று பொருள்.

நடுவில் சில காலம், கூச்சப்படுகிறவர்களையும் அது குறித்ததாம். அந்தப் பொருளை எனக்கு வைத்துக்கொண்டேன். பழையதை அவருக்குக் கொடுத்தேன்.

நம்மிடம் புழங்கும் ஒரு பொருள் மட்டும் அகராதியில் இல்லை. அதை நானே ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

காகிதத்தை மடித்தேன்.

"ஏய், டீ எங்க?" என்றார் மாமா.

நைசாக, வாசலைத் தாண்டினேன்.