நாற்பத்தெட்டு தாள், ஒரே பெண்

"இன்னா தீபிகா இது? பொண்ணு ஆடாம அசையாம நிக்கறா!"

கம்ப்யூட்டரில் ஓடிய படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கத்தினான் வேல்முருகன். பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுத் தரும் அந்தச் சின்ன சென்டரில், அங்கே வேலை பார்க்கும் தீபிகாவைத் தவிர எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். இல்லாவிட்டால் கத்தியிருக்க மாட்டான். அவ்வளவு தைரியம் கிடையாது.

"நிக்கட்டுமே வேலு. உனுக்கா கால் வலிக்குது?" என்றாள் தீபிகா, தயிர்சாதத்தில் இருந்து கையை எடுக்காமலே.

"ஜோக் அடிக்காதே. நாப்பத்தெட்டு தாள் வரைஞ்சு குடுத்தேன். ஸ்கேன் பண்ணி, கோட்டைச் சுத்தம் பண்ணி, சிடில போட்டுக் குடுன்னுதானே சொன்னேன்?"

"பண்ணேனே! மூணு நாளு அதான் வேலை. இன்னா வரைஞ்சிருக்கே நீ? ஒரு தாள்ல கழுத்து நேரா இருக்குது. அடுத்ததுல கொஞ்சம் கோணிக்கினு இருக்குது. அதுக்கு அடுத்ததுல இன்னும் கோணிக்கினு. பார்டர்ல ஒரு கிளிக்கு மூக்கு நீண்டாலே எங்க ஓனர் பரமசிவம் சார் குதிப்பாரு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். அதான் முதல் தாள்ல இருந்த பொண்ணை எடுத்து நாப்பத்தெட்டுலயும் ஒட்டிட்டேன். இப்ப பாரு, ஒரு தப்பு இல்ல."

வேல்முருகன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

தினமும் சென்னைக்குப் பஸ்ஸேறிப் போய் அனிமேஷன் படிப்பவன் அவன். படிக்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் காஞ்சிபுரத்திலேயே தனக்கு மட்டும்தான் அந்த வித்தை தெரியும் என்று நம்ப அது போதுமானதாக இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு ஸ்டூடியோவில் செலக்‌ஷன். ரெண்டு நிமிஷப் படம் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை.

படத்தின் கடைசி நான்கு செகண்ட்தான் கிளைமாக்ஸ். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நிற்கிறாள். எதிர்ப்பக்கத்தில் ஒருத்தன் அவளையே பார்க்கிறான். அவள் மெல்லத் திரும்பி, சிரித்து, அவனிடம் நடந்து வருகிறாள்.

அந்தப் பெண்ணுக்கு மோவாயில் ஒரு மச்சம். தீபிகாவுக்கும் அதே இடத்தில் உண்டு. யாராவது கேட்டால் 'அது தற்செயல்' என்று சொல்ல அவன் தயாராக இருந்தான். இதுவரை யாரும் கேட்கவில்லை.

"அதுக்குப் பேரு தப்பு இல்ல தீபிகா, அனிமேஷன்! எத்தினி தடவை சொல்லிருக்கேன்? ஒவ்வொரு படமும் கொஞ்சம் கொஞ்சம் மாறணும். பன்னெண்டு படம் ஓடுனா ஒரு செகண்ட். அப்பதான் நம்ம கண்ணு ஏமாந்து..."

"கண்ணை ஏமாத்தறதுக்கு எட்டு மாசப் படிப்பா? சரிதான்."

"அவ திரும்பலேன்னா கதையே இல்ல!"

"ஏன் திரும்பணும்?"

"அவன் நிக்கறான் இல்ல?"

"நின்னா? ஓரிக்கை ஸ்டாப்ல தினம் நாப்பது பேர் நிக்கறாங்க. எல்லாரையும் திரும்பிப் பாத்துக்கினு இருந்தா என் கழுத்து இன்னாத்துக்கு ஆவறது?"

"அவன் அவளை லவ் பண்றான்!"

"சொன்னானா?"

"சொல்லணும்னு இல்ல. கண்ணுலயே தெரியும்."

"கண்ணு எங்க தெரியுது? பாதி முடி மூடிக்கினு இருக்குது. நெஞ்சு மட்டும் கதவாட்டம் இருக்குது. யாருபா இந்த பயில்வான்?"

வேல்முருகன் தன் ஒல்லி நெஞ்சின்மேல் பையை இழுத்து வைத்துக்கொண்டான். ஊக்கு குத்திய ரப்பர் செருப்பையும் நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டான்.

"உனுக்கு இதெல்லாம் புரியாது. நீ போயி கிளிக்கு மூக்கு சரி பண்ணு. நாப்பத்தெட்டையும் மறுபடி ஸ்கேன் பண்ண எனக்கு நேரம் இல்ல. நாளைக்கு அங்க போயி இன்னாத்த காட்டுவேன்? எல்லாம் போச்சு. நான் கிளம்பறேன்."

"கிளம்பு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. நீ குடுத்தது எத்தினி படம்?"

"நாப்பத்தெட்டு."

"சிடில எத்தினி இருக்குது?"

வேண்டா வெறுப்பாகத் திரையைப் பார்த்தான். தொண்ணூற்றாறு என்று இருந்தது.

"எப்படி?"

"பாதில நிறுத்திட்டுக் கத்துனா எப்படித் தெரியும்? முழுசா ஓட்டு."

ஓட்டினான். நான்கு செகண்ட் வரை பெண் அசையவே இல்லை. ஐந்தாவது செகண்டில், எதிர்ப்பக்கம் நின்றவன் காலை எடுத்து வைத்தான்.

அவனுக்கு இப்போது கதவு நெஞ்சு இல்லை. ஒல்லியாக இருந்தான். முடியை ஒதுக்கி வாரியிருந்தான். ரப்பர் செருப்பில் ஊக்கு குத்தியிருந்தது. பயந்து பயந்து ரோட்டைக் கடந்து வந்தான். அந்த நடை எந்த இடத்திலும் வழுக்கவில்லை. வேல்முருகன் எட்டு மாதமாக முயன்றும் அவனுக்கு வராத நடை அது.

மச்சக்காரியின் எதிரில் வந்து நின்று வாயைத் திறந்தான். அவன் தலைக்கு மேலே, பேச்சை எழுதும் ஒரு வெள்ளை பலூன் விரிந்தது. படம் அதோடு நின்றது. பலூனுக்குள் ஒரு எழுத்துகூட இல்லை.

வேல்முருகன் கடைசி செகண்டை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

"இதுல... அவன் ஒண்ணுமே சொல்லலையே?"

தீபிகா கையைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஏன், அதையும் நானே சொல்லணுமா?"