செல்லப்பன் வாசலில் எழும்பிய பாதை

"பொன்னுவேல் இதுல கைய வெச்சான்னா, நான் பாதையிலயே படுத்துக்குவனுங்க மேடம். திருட்டுப்பய!"

செல்லப்பனுக்கு அப்படி ஒரு கோபம். பின்னே, இருக்காதா? மூன்று வருஷத்துக்கு முன் பொன்னுவேல் மேஸ்திரி நாகலூரில் போட்ட காங்கிரீட் பாதை, சரியாகச் செல்லப்பன் வாசலில் மட்டும் நாலு விரல்கடை மேலே தூக்கிக்கொண்டது. அதில் தடுக்கி விழுந்த அம்மா பாவாயி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மூணு மாசம் படுக்கை, பிறகு பாடை.

"சிமெண்டத் தின்னுட்டான்" என்று செல்லப்பன் ஊரெல்லாம் சொன்னான். அதற்கப்புறம் பொன்னுவேலை ஒரு கோழிக்கூடு கட்டக்கூட யாரும் கூப்பிடவில்லை.

பாதையைப் புதிதாகப் போட வந்திருந்த இன்ஜினியர் இன்பமேரி, உடைத்துப் போட்ட பழைய காங்கிரீட்டைக் காட்டினார்.

"சிமெண்ட் நல்லாத்தாங்க இருக்கு. மண்ணுதான் கோளாறு. இங்க அடியில களிமண்ணு. தண்ணி குடிச்சா உப்பி, மேல இருக்கறதத் தூக்கிரும். இந்தவாட்டி பத்தடி கீழ, கெட்டி மண்ணு வரைக்கும் பைல், அதான் காங்கிரீட் தூணு, எறக்கி, சிலாப்பை அதோட கம்பி போட்டுக் கட்டப்போறோம். மண்ணு உப்புனாலும் எழும்பாது. வேலை பொன்னுவேலுக்குத்தான்."

செல்லப்பன் முணுமுணுத்துக்கொண்டே நின்றான்.

அன்று மத்தியானம், பைலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த பொன்னுவேல் சட்டென்று நிறுத்தினான். சேற்றுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய், உடைந்து கிடந்தது. சோப்புத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

இன்பமேரிக்கு முகம் சிவந்துவிட்டது. "பாதைக்கு அடியில குழாயா! அதான் இங்க மட்டும் இத்தனை ஈரம். மண்ணு தூக்காம என்ன செய்யும்? யாருங்க பதிச்சது?"

பொன்னுவேல் செல்லப்பனை நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்பமேரியிடம் சொன்னான்.

"நாந்தானுங்க. அப்ப வெவரம் தெரியாம பதிச்சுட்டனுங்க."

"அடக் கடவுளே! அந்தம்மா செத்ததுக்கு அப்ப நீங்கதான் காரணம். உங்களுக்கு இந்த வேலை கெடையாது. கெளம்புங்க."

பொன்னுவேல் கடப்பாரையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். போகிறபோது செல்லப்பனிடம் மெதுவாக, "நாளைக்கு அம்மாவுக்குத் தெவசமாச்சேங்கண்ணா. ஊட்டுக்குப் போயி ஆவற வேலையப் பாருங்க" என்றான்.

செல்லப்பன் இன்பமேரியிடம் திரும்பினான்.

"மேடம், அவன் சொல்றது பொய்யிங்க!" என்று கத்தினான்.

இன்னுமா இவன் விடவில்லை என்று கூடியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

"பாதை போட்டு முடிச்சப்புறம், எங்கூட்டுக் குளியல் தண்ணி போவறதுக்கு அடியில நோண்டி அந்தக் குழாயச் சொருவுனது நானுங்க. எங்கம்மாவ உழுவ வெச்சது நாந்தானுங்க."