அஸ்ஸாம் லோடு

"பூவக் கொஞ்சம் முன்னால தெரியற மாதிரி வெய்யி கண்ணு" என்றாள் சரிதா. நெற்றியில் குங்குமம் வைத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் ஒரு தடவை சிரித்தும் பார்த்துக்கொண்டாள்.

மகள் தீபிகா பூவைச் சொருகிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னிக்காச்சும் அண்ணங்கிட்டச் சொல்லீருங்கம்மா. என்னால முடியல."

"பரீட்சை முடிஞ்சுதுன்னு அவன் சொல்லட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

சுவரில் மாலையோடு தொங்கிய அப்பா வேலுமணியின் படத்தைத் தீபிகா கழற்றி, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மத்தியானம் இளவழகனின் வீடியோ கால் வருவதற்குள் தினமும் இது ஒரு வேலை.

இளவழகன் நியூசிலாந்தில் இருக்கிறான். பனிச்சறுக்குச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாராவதற்கு அங்கே பயிற்சி. சங்ககிரி லாரி டிரைவர் மகனுக்குப் பனிமலையில் என்ன வேலை என்று கேட்காத ஆள் இல்லை. ஸ்ரீநகருக்கு லோடு அடித்த வேலுமணி, முழுப்பரீட்சை லீவில் பையனையும் கூட ஏற்றிக்கொண்டு போனதில் வந்த வினை. பனியில் வழுக்கிக்கொண்டு இறங்கியவர்களை ஒருநாள் பார்த்தவன், அதற்குப் பிறகு வேறெந்த வேலையையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"ரெண்டு காலையும் முன்னால சேத்துப் பின்னால அகட்டுனா நின்னுக்குமுங்கப்பா. சின்னப் புள்ளைங்களுக்கு மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுக்கோணும்" என்று ஒருநாள் போனில் நின்று காட்டினான்.

வேலுமணி விழுந்து விழுந்து சிரித்தார். "பிரேக்கக் காலுலயே வெச்சிருக்கறயா? எறக்கத்துல மட்டும் நியூட்ரல் போட்டறாத சாமி."

அந்த மனுசன்தான் ஆடி பிறந்த வாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சரிதாவின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பையனுக்குச் சொல்லிராத. பாதியில போட்டுட்டு ஓடியாந்துருவான்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சரிதா மூடினாள். சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சத்தியம் வாங்கினாள். லாரி ஸ்டாண்டில் வைத்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸை, ஆளாளுக்குப் போனில் படம் எடுக்கிறார்கள் என்று, மறுநாளே கழற்றச் சொன்னாள்.

இளவழகனின் பெரியப்பன் மகன் குமரன்தான் கொள்ளி வைத்தான். அது மட்டும் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பெற்ற அப்பனுக்குக் கொள்ளி வைக்க விடாத தாயை மகன் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டான் என்று நினைத்து நினைத்தே சோறு இறங்கவில்லை.

டிரைவர் வீட்டில் ஆள் இல்லாததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. "அப்பா அஸ்ஸாமுக்கு லோடு ஏத்தீட்டுப் போயிருக்காங்க, சிக்னல் கெடைக்கறதில்ல" என்று முதல் நாள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த லாரியை அவளேதான் ஓட்ட வேண்டியிருந்தது. விஜயவாடா, புவனேஸ்வர், சிலிகுரி என்று பக்கத்து வீட்டுக் கண்ணுசாமி டிரைவரிடம் வழி கேட்டுக் கேட்டு நகர்த்தினாள். திரும்புலோடு கிடைக்கவில்லை என்று கவுகாத்தியிலேயே கொஞ்ச நாள் நிறுத்தியும் வைத்தாள்.

போன் அடித்தது. திரையில் இளவழகன், கம்பளிக் குல்லாயும் வெயிலில் கறுத்த முகமுமாக வந்தான்.

"ரூம்புக்குள்ளயும் எதுக்குக் குல்லா சாமி? ஹீட்டரு போடலையா?"

"போட்டும் குளிருதுங்கம்மா. காதெல்லாம் மரத்துப் போவுது." குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு, "பாஸாயிட்டனுங்கம்மா" என்றான்.

சரிதா திரையைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள். அவனே சொன்னான். "அஞ்சு புள்ளைங்களக் குடுத்து, மேல இருந்து கீழ கூட்டியாரச் சொன்னாங்க. ஒருத்தரும் அழுவல. பரீட்சை வெச்சவரு கையக் குடுத்தாரு. அப்பா நெனச்சபடியே முடிச்சுட்டேன்."

"மகராசனா இரு சாமி." பரீட்சை முடிந்துவிட்டது. இனி மறைக்க ஒரு சாக்கும் இல்லை.

"அப்பா எங்க வந்துட்டு இருக்காங்க?"

"ஓங்கோல் தாண்டீட்டாங்களாமா" என்று பழக்கதோஷத்தில் வாய் தன்னால் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஓங்கோல் தாண்டினால் அப்புறம் ஒருநாள் ஓட்டம்தான். நாளைக்கு வாசலில் வந்து நிற்காத லாரியை இதற்குமேல் எங்கே கொண்டுபோய் நிறுத்துவாள்? இத்தனை நாள் அடக்கி வைத்தது உடைந்து, வாய்விட்டு அழுதாள். தீபிகா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். உங்கப்பனுக்கு நீ செய்ய வேண்டியத, உன்னையச் செய்ய உடாம..."

அவன் என்னவென்று கேட்கவில்லை. மெதுவாகக் குல்லாயைக் கழற்றினான்.

"கொள்ளி வெக்கத்தான் குடுத்து வெக்கல, மொட்டையாச்சும் அடிச்சுக்கிட்டனுங்கம்மா."