ரெஜினாவின் பேய்

ஆடுபவர் மனதைப் படித்து, அவர் அஞ்சுவதையே பேயாக்கி அனுப்பும் துப்பாக்கி விளையாட்டு அது. கில்பர்ட்டுக்கு வந்தது வெறும் பாம்பு. நாலே குண்டில் தீர்த்தார்.

"இதுக்கா இந்தப் பொண்ணு நடுங்குது?" என்று சிரித்தபடி, மகள் ரெஜினா பாதியில் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை, அவள் மனதிலிருந்து வந்த பேயோடு, தொடர்ந்து ஆடிப் பார்த்தார்.

ஆட்டம் ஓர் அலமாரிக்குள் தொடங்கியது. வெளியே பைக் வந்து நின்றது. ஃப்ரிட்ஜ் மேல் ஹெல்மெட் வைக்கும் சத்தம். அப்புறம் ஒரு செருமல். அவருடைய செருமல்.

"எங்க அவ?" என்றது பேய், அவர் குரலிலேயே.

பதறிப்போய்த் துப்பாக்கியைத் தூக்கினார். திரை ஓரத்தில் அவள் கணக்கு தெரிந்தது: முந்நூறு மணிநேரம் ஆடியிருந்தவள் ஒரு குண்டுகூடச் சுட்டிருக்கவில்லை.

வாசலில் ரெஜினா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தொண்டைவரை வந்த செருமலை அவர் அப்படியே விழுங்கிக்கொண்டார்.