பம்பரில் தெரிந்தவன்

துண்டில் சுற்றிப் பிடித்திருந்தது அரிவாள்தான். மணியனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அம்பாசடர் பம்பரின் மூலை முடுக்கையெல்லாம் கையால் தேய்த்து முடித்துவிட்டு, நடுப்பாகத்தை மோட்டார் சக்கரத்தில் கொடுத்து மினுக்கிக்கொண்டிருந்தான். பளபளப்பு ஏறிவிட்டதா என்று செங்குத்தாகத் தூக்கிப் பார்த்தபோதுதான், முதுகுக்குப் பின்னால் நின்ற ஆள் அதில் தெரிந்தான். கன்னையன். மயிலாளின் அண்ணன்.

வீட்டுக்குத் தெரியாமல் மயிலாளைக் கூட்டி வந்து மணியன் தாலி கட்டி ஒரு வருஷமாகிறது. "எந் தங்கச்சியப் புடிச்ச கையை வெட்டாம உடமாட்டேன்" என்று கன்னையன் அன்றைக்குக் கோயில் வாசலிலேயே சொன்னான். அதற்கப்புறம் இவர்கள் குடியிருக்கும் வேலம்பாளையம் பக்கமே அவன் தலைவைத்துப் படுத்ததில்லை.

இன்றைக்கு வந்து நிற்கிறான்.

பட்டறை முதலாளி நூருல்லா பாய் அவன் காதில் ஏதோ சொன்னார். மோட்டார் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கன்னையன் தலையாட்டிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றான். பாய் அவனைத் தடுக்காமல் உள்ளே போய்விட்டார். பாயும் கூட்டா என்று மணியன் நினைத்தான்.

சக்கரம் ஓடுகிறவரை உயிருக்குப் பயமில்லை. அதன் முன்னால் நிற்கிறவனைத் தொடக் கூடாது, கூப்பிடவும் கூடாது. திடுக்கிட்டுத் திரும்பினால் பம்பர் கையை விட்டுப் பறந்து யார் மண்டையையாவது பிளந்துவிடும். அதனால் நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

மறுபடி தூக்கிப் பார்த்தான். அலமாரியில் இருந்த பாலிஷ் டப்பா உலக்கை மாதிரி நீண்டு தெரிந்தது. அதன் கீழே கன்னையன், பனைமரம் மாதிரி. கையில் அந்தத் துண்டு, முழ நீளத்துக்கு.

வீட்டில் மயிலாள் நிறைமாதம். துணைக்குப் பக்கத்து வீட்டுக் குப்பாயி ஒருத்திதான். மயிலாளின் அம்மாவுக்காவது சொல்லி அனுப்பட்டுமா என்று குப்பாயி நேற்றுக்கூடக் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்று மணியன்தான் வாயை அடைத்தான். இங்கே தன் கை போய்விட்டால், அங்கே அவளுக்கு யார்?

பம்பர் கையைச் சுட்டது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் முலாம் கரைந்து அடியிலிருக்கும் செம்பு பல்லிளித்துவிடும். நாளைக்குக் கல்யாண ஊர்வலம் போகிற வண்டி.

மோட்டாரை நிறுத்தினான். பனியன் கழிவுத் துணியில் தைத்த சக்கரம் முனகி முனகி அடங்கியது. பின்னால் செருப்புச் சத்தம் கிட்டே வந்தது.

பம்பரை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு திரும்பினான். "செய்யறதச் சீக்கிரம் செஞ்சுருங்க மச்சான். ஊட்டுல அவ தனியாக் கெடக்கறா."

கன்னையன் துண்டின் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஒரு சின்னப் பொட்டலம்.

"தனியா இல்லீங்க மாப்பிள்ளை, குப்பாயி சொல்லியனுப்பி எங்கம்மா கூடத்தான் இருக்குது. பொண்ணு பொறந்திருக்குது. சக்கரை எடுத்துக்குங்க."